கல்லில் வெட்டிய பணிப்பதிவேடு

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் பதவி உயர்வு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "பழைய எகிப்தில் வெனி என்று ஒருத்தர் இருந்தார், கிட்டங்கிக் காவலராகச் சேர்ந்து பாதி நாட்டுக்கு ஆளுநர் ஆனவர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வெனியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: யார் சார் இந்த வெனி? நான்காயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு அதிகாரி எந்த வேலையில் சேர்ந்தார், எப்போது உயர்ந்தார் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? (ஒரு கல்லூரி மாணவி)

அவரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் அம்மா. காகிதத்தில் எழுதியிருந்தால் கரையான் தின்றிருக்கும். சுண்ணாம்புக் கல்லில் வெட்டச் சொன்னார். அபிடோஸ் என்னும் ஊரில் அவருடைய கல்லறைக் கோயில் சுவரில் இருந்த ஒற்றைப் பெரும் பலகை அது. 1860-இல் ஒகுஸ்த் மரியேத் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தின் பட்டியலில் 1435-ஆம் எண்.

காலம், கி.மு. 2300-ஐ ஒட்டி. ஆறாவது அரச வம்சம். கீஸாவின் பெரிய பிரமிடு அப்போதே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழசு. டெட்டி, முதலாம் பெப்பி, மெரென்ரே என்று மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்தார் வெனி. பழைய எகிப்தில் அதிகாரிகள் கல்லறையில் தங்கள் பெருமையைச் செதுக்கிவைப்பது வழக்கம்தான். பெரும்பாலும் பட்டங்களின் பட்டியலாகவும், "பசித்தவனுக்குச் சோறு போட்டேன், துணியில்லாதவனுக்குத் துணி கொடுத்தேன்" என்கிற பொதுப்படையான புண்ணியக் கணக்காகவும் இருக்கும். வெனி அப்படி விடவில்லை. எந்த மன்னர் காலத்தில் என்ன பதவி, அந்தப் பதவியில் என்ன வேலை செய்து முடித்தேன், அதற்கு என்ன கிடைத்தது என்று வரிசையாகச் சொல்கிறார். ஆபீஸ் ஃபைலோடு பிழைப்பை ஓட்டிய எனக்கு அதைப் படித்ததும் பணிப்பதிவேடுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வித்தியாசம், இதில் மேலதிகாரியின் குறிப்பையும் இவரே எழுதிக்கொண்டார்.

கேள்வி: அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். சொந்த முயற்சியில் முன்னுக்கு வந்த மனிதரா? என் பையனுக்குச் சொல்லலாமா? (ஓர் இல்லத்தரசி)

சொல்லுங்கள், ஆனால் மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர் கணக்குப்படி, டெட்டி மன்னர் காலத்தில் இடுப்புக் கச்சை கட்டிய இளைஞனாக, அதாவது வயசுக்கு வந்ததும், கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிறகு அரண்மனை நில ஊழியர்களின் மேற்பார்வையாளர். பெப்பி வந்ததும் மன்னரின் உடை அறையில் ஒரு மூத்த பொறுப்பு, பிரமிடு நகரத்துப் பூசாரிகளைக் கண்காணிக்கும் வேலை, அதன்பின் வழக்கு விசாரிக்கும் நீதிப் பதவி. வஜீர் என்கிற தலைமை அமைச்சரோடு தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்டேன் என்கிறார். கொஞ்ச நாளில் அரண்மனை ஊழியர்களின் கண்காணிப்பாளர்களாக இருந்த நால்வரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் இவரை உட்காரவைக்கிறார் மன்னர். அந்த நால்வரும் தங்கள் கல்லறைச் சுவரில் இவரைப் பற்றி என்ன எழுதினார்களோ!

படிக்கப் படிக்க, ஏழைப் பையன் ஒருவன் படிப்படியாக ஏறிவந்த கதை மாதிரியே இருக்கும். நூறு வருஷத்துக்கும் மேலாக அறிஞர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 1999-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேனட் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான குழு அபிடோஸில் அவருடைய கல்லறையை மறுபடி கண்டுபிடித்தது. அங்கே கிடைத்த எழுத்துகளையும் பக்கத்துக் கல்லறைகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது: அவருடைய அப்பா இயூ என்பவரே வஜீராக இருந்தவர். நாட்டின் இரண்டாவது பெரிய மனிதரின் மகன் கிட்டங்கிச் சாவியோடு வேலை தொடங்கினால், அதை அடிமட்டம் என்று சொல்வதா, பயிற்சிக்காலம் என்று சொல்வதா?

அப்பா பெயர் அந்தப் பலகையின் கதையில் எங்கேயும் வருவதில்லை. "தந்தையின் அன்புக்கும் தாயின் பாராட்டுக்கும் உரியவன்" என்று சம்பிரதாயமாக ஒரு வரி முடிவில் உண்டு, அவ்வளவுதான். கடைசியில் வெனியும் வஜீர் ஆனார் என்பது அவர் கல்லறையின் வேறு கல்வெட்டுகளிலிருந்து தெரிகிறது. அந்தப் பதவியையும் இந்தச் சரிதம் சொல்லவில்லை. இந்த ஆளைப் படிக்கும்போது அவர் விட்டுவிட்ட இடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: அவருக்குச் சம்பளம் எவ்வளவு? (ஒரு வங்கி ஊழியர்)

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நாணயமே கிடையாது. ரொட்டி, பீர், தானியம், துணி, மேலே போகப் போக நிலம், அதில் வேலை செய்ய ஆட்கள்.

ஆனால் வெனி பெருமையாகப் பேசுவது இதில் எதையும் பற்றி அல்ல. நீதிப் பதவியில் இருந்தபோது மன்னரிடம் ஒரு விண்ணப்பம் போடுகிறார்: எனக்கு ஒரு கல் சவப்பெட்டி வேண்டும், துராவின் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில். துரா என்பது நைல் நதியின் கிழக்குக் கரையில் இருந்த கல்குவாரி. பிரமிடுகளின் மேல்பூச்சுக்குப் போன உயர்ந்த கல் அங்கிருந்து வந்ததுதான். மன்னர் தன் முத்திரை அதிகாரியை ஒரு மாலுமிக் குழுவோடு அக்கரைக்கு அனுப்புகிறார். அரண்மனையின் பெரிய படகில் பெட்டி வருகிறது. மூடி, பொய்க்கதவு, மேல் விட்டம், இரண்டு பக்க நிலைக்கல், படையல் பலகை எல்லாம் கூடவே. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார், சரக்குச் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் மாதிரி.

பொய்க்கதவு என்றால் திறக்காத கதவு. கதவு போலவே செதுக்கிய கல். இறந்தவரின் உயிர் அதன் வழியாக வந்து, முன்னால் வைத்த படையலை ஏற்றுக்கொண்டு திரும்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. மன்னரேகூட மண் செங்கல் அரண்மனையில்தான் வாழ்ந்தார். கல், இறந்தபின் இருக்கப்போகிற வீட்டுக்கு. அதனால் கல் கேட்டு வாங்குவதுதான் பெரிய சன்மானம். "இதுபோல் வேறு எந்த ஊழியருக்கும் செய்ததில்லை" என்று முடிக்கிறார். இந்த வாக்கியத்தைப் பல்லவி மாதிரி அடிக்கடி பாடுவார், பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகாராணியை விசாரித்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? என்ன குற்றம்? (ஒரு வழக்கறிஞர்)

உண்மை. அந்தக் கல்லிலேயே எனக்குப் பிடித்த இடமும் அதுதான், காரணம் அதில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

பெப்பி மன்னரின் அந்தப்புரத்தில் அரசிக்கு எதிராக ஒரு ரகசிய வழக்கு. விசாரிக்க மன்னர் வெனியை உள்ளே அனுப்புகிறார். வஜீர் இல்லை, வேறு அதிகாரி யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்கிறார். பதிவு செய்ததும் நானே, என் பதவியில் இருந்த இன்னொருவரோடு சேர்ந்து. என் அந்தஸ்தில் உள்ளவன் அந்தப்புர ரகசியத்தை அதற்கு முன் கேட்டதே இல்லை. மன்னர் மனதில் நான் மற்ற எல்லோரையும்விட மேலாக இருந்ததால் என்னைக் கேட்கவைத்தார். வழக்கு இத்தோடு முடிகிறது.

அரசியின் பட்டம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. குற்றச்சாட்டு இல்லை. தீர்ப்பு இல்லை. நீங்கள் வழக்கறிஞர், உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் மனிதர் தன் பார்வையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அவர் விளம்பரம் செய்வது வழக்கை அல்ல, வாய் திறக்காத தன் குணத்தை.

அந்த அரண்மனை பயந்து கிடந்ததற்குக் காரணமும் இருந்தது. பெப்பியின் தந்தை டெட்டியை அவருடைய காவலர்களே கொன்றார்கள் என்று இரண்டாயிரம் வருஷம் கழித்து மனேத்தோ என்ற எகிப்தியப் பூசாரி கிரேக்க மொழியில் எழுதினார். தாமதமான சாட்சிதான், தள்ளிவிடலாம் என்று பார்த்தால், டெட்டியின் பிரமிடைச் சுற்றியுள்ள அதிகாரிகளின் கல்லறைகள் சிலவற்றில் சொந்தக்காரரின் பெயரையும் உருவத்தையும் உளியால் கொத்தி அழித்திருக்கிறார்கள். பெயரை அழித்தால் மறுமையும் போயிற்று. அங்கே அது மரணத்துக்கு மேலான தண்டனை. டெட்டிக்கும் பெப்பிக்கும் நடுவில் உசர்காரே என்று ஒரு மன்னர் கொஞ்ச காலம் இருந்ததாக அரசர் பட்டியல் சொல்கிறது. வெனி அந்தக் காலத்தில் பிழைத்து வேலையில் இருந்தவர். அவர் கல்லில் டெட்டி வருகிறார், அடுத்து பெப்பி வருகிறார். உசர்காரே என்கிற பெயரே கிடையாது.

கேள்வி: ஒரு ஃபைல் பார்க்கும் அதிகாரியைப் போய்ப் படைக்குத் தளபதியாக்குவார்களா? (முன்னாள் ராணுவ வீரர்)

அந்தக் காலத்து எகிப்தில் நிலையான பெரும் படை என்று ஒன்று இல்லை ஐயா. போர் வந்தால் ஊர் ஊராக ஆள் திரட்ட வேண்டும், ரொட்டி கொடுக்க வேண்டும், நடத்திக்கொண்டு போக வேண்டும். கல் கொண்டுவருவதற்கும் அதே வேலைதான். அதனால் நம்பிக்கையான நிர்வாகி ஒருவரே இரண்டையும் செய்வார்.

எதிரிகள், கிழக்கே இருந்த "மணல்வாசிகள்". படை பல பத்தாயிரம் பேர் என்கிறார். தெற்கே எலிஃபன்டைன் தீவு தொடங்கி வடக்கே நைல் கடலில் கலக்கும் டெல்டா வரைக்கும் ஆள் எடுத்து, கூடவே எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவின் வாவாத், இர்த்ஜெத், யாம், மெத்ஜா போன்ற நாட்டு வீரர்களையும் சேர்த்திருக்கிறார். பிரபுக்கள், முத்திரை அதிகாரிகள், தலைமைப் பூசாரிகள் எல்லாரும் தத்தம் ஊர்ப் பட்டாளத்தோடு வந்தார்களாம். திட்டம் போட்டது மட்டும் தான் ஒருவனே என்கிறார். அடுத்து அவர் சொல்வதை ராணுவத்தில் இருந்த நீங்கள் ரசிப்பீர்கள். என் படையில் ஒருவனும் கூட இருந்தவனை அடிக்கவில்லை. வழிப்போக்கனிடமிருந்து ஒருவனும் ரொட்டியோ செருப்போ பிடுங்கவில்லை. எந்த ஊரிலும் துணி எடுக்கவில்லை. யாருடைய ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போகவில்லை.

வழியில் படை போனால் சாதாரணமாக என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? செருப்பு வரைக்கும் போயிருக்கிறது!

வெற்றியைப் பாட்டாகவே பாடிவிட்டார். "இந்தப் படை நலமாகத் திரும்பியது" என்று ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அதன் பின்னால் ஒரு செயல்: மணல்வாசிகளின் நாட்டைச் சூறையாடியபின், அதைத் தரைமட்டமாக்கியபின், கோட்டைகளை இடித்தபின், அத்தி மரங்களையும் திராட்சைக் கொடிகளையும் வெட்டிச் சாய்த்தபின், தீ வைத்தபின், கொன்றபின், சிறைபிடித்தபின். அத்தியும் திராட்சையும் வளர்த்தவர்கள் வெறும் கூடார நாடோடிகளாக இருக்க முடியாது. தோட்டமும் கோட்டையும் உள்ள ஊர்க்காரர்கள். சொந்த நாட்டில் ஓர் ஆட்டைத் தொடாத படை, அடுத்தவன் நாட்டில் பல வருஷம் வளர்த்த மரத்தை வெட்டியதைப் பாட்டில் வைத்துக் கொண்டாடுகிறது. வெனிக்கு இதில் எந்த முரணும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஐந்து தடவை அனுப்பினார்கள். பிறகு இன்னொரு கலகத்தின்போது பாதிப் படையைத் தரைவழியே விட்டு, மீதியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் எதிரியின் பின்பக்கம் இறக்கினார். கடல்வழியாகப் படை இறக்கிய மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

கேள்வி: ஆளுநராக என்ன செய்தார்? (ஒரு பொறியாளர்)

மெரென்ரே அரியணை ஏறியதும் வெனியைத் தென்னாட்டின் ஆளுநர் ஆக்கினார். இப்போதைய அஸ்வானை ஒட்டிய எலிஃபன்டைன் தீவிலிருந்து, வடக்கே தலைநகர் மெம்ஃபிஸுக்குச் சற்று முன்புவரை அவர் அதிகாரம். "இதற்கு முன் எந்த ஊழியருக்கும் கிடைக்காத பதவி" என்று பல்லவி. அந்தப் பட்டம் ஐந்தாம் வம்சத்திலேயே வேறு ஆட்கள் வைத்திருந்ததுதான், விட்டுவிடுங்கள்.

தென்னாட்டில் அரண்மனைக்குச் சேரவேண்டிய பொருள் அத்தனையையும் இரண்டு தடவை எண்ணினேன், செய்யவேண்டிய உழைப்பையும் இரண்டு தடவை எண்ணினேன் என்கிறார். வரி என்பது தானியம் மட்டுமல்ல, ஆள் உழைப்பும்தான். எண்ணப்பட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது கல்லில் ஏறவில்லை.

உங்களுக்கு வேண்டியது பின்னால் வருகிறது. மன்னரின் பிரமிடுக்குச் சவப்பெட்டியும் உச்சிக்கல்லும் இப்ஹாட் குவாரியிலிருந்து. கருங்கல் வாசல்களும் பொய்க்கதவும் எலிஃபன்டைனிலிருந்து. ஆறு சரக்குப் படகு, மூன்று இழுவைப் படகு, பாதுகாப்புக்கு ஒரே ஒரு போர்ப்படகு. ஒரே பயணத்தில், ஒரே போர்ப்படகோடு இரண்டு இடத்து வேலையும் முடிந்தது என்று குறிப்பாகச் சொல்கிறார். தெற்கே அமைதி நிலவியது என்பதைச் சொல்லும் அவருடைய வழி அது.

அடுத்தது ஹட்நூப். நைலின் கிழக்கே பாலைவனத்தில் உள்ள அலபாஸ்டர் என்கிற வெளிர்நிறக் கல்லின் குவாரி. அங்கிருந்து ஒரு பெரிய படையல் மேடைக் கல்லைப் பதினேழு நாளில் இறக்கினார். அதைக் கொண்டுபோகப் படகு வேண்டுமே? அறுபது முழம் நீளம், முப்பது முழம் அகலத்தில் கருவேல மரத்தில் ஒரு படகு கட்டினார், அதுவும் பதினேழே நாளில். எகிப்திய அரச முழம் சுமார் 52 செ.மீ.; ஆக 31 மீட்டர் நீளம், 15 மீட்டருக்கு மேல் அகலம். நீளத்தில் பாதி அகலம் என்றால் அது மிதக்கும் மேடை; வேகமாகப் போவதற்குக் கட்டியது அல்ல, கனம் தாங்குவதற்குக் கட்டியது. கருவேல மரத்தில் நீளமான பலகை கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டு துண்டாகப் பொருத்தித்தான் கட்டியிருக்க வேண்டும். மாதமோ கோடையின் மூன்றாவது மாதம், மணல்திட்டுகளில் தண்ணீரே இல்லை என்று அவரே எழுதுகிறார். அப்படியும் பிரமிடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ஹட்நூப் குவாரியில் செங்குத்தான ஒரு சரிவுப்பாதையைத் தோண்டிக் கண்டதாக 2018-இல் பிரெஞ்சு–பிரிட்டிஷ் ஆய்வுக் குழு ஒன்று அறிவித்தது. இருபக்கமும் படிக்கட்டு, மரக்கம்பம் நட்ட குழிகள். கூஃபு மன்னர் காலத்தது, அதாவது வெனிக்கு முந்தியது. கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, படியில் நின்று இழுத்துக் கல்லை மேலே ஏற்றியிருக்கிறார்கள். வெனியின் ஆட்களுக்குக் கல் நகர்த்தும் வித்தை பரம்பரையாக வந்தது.

கடைசியாக, தென்னாட்டில் ஐந்து கால்வாய் வெட்டி, வாவாத் நாட்டு மரத்தில் மூன்று சரக்குப் படகும் நான்கு இழுவைப் படகும் கட்டி, கருங்கல் ஏற்றி அனுப்பினார். மரம் வெட்டிக் கொடுத்தவர்கள் நூபியத் தலைவர்கள். எல்லாம் ஒரே வருஷத்தில்.

கேள்வி: சிபாரிசு, சொந்தக்காரச் சலுகை எல்லாம் அப்போதும் உண்டா? (பெயர் வேண்டாம் என்றவர்)

உண்டு, அதற்கு எதிரான எச்சரிக்கையும் உண்டு. வெனிக்கு எண்ணூறு வருஷத்துக்குமேல் பிந்தி, மூன்றாம் துட்மோஸ் மன்னரிடம் ரெக்மிரே என்றொரு வஜீர் இருந்தார். லக்சரின் மேற்குக்கரையில் உள்ள அவருடைய கல்லறையில், வஜீரைப் பதவியில் அமர்த்தும்போது மன்னர் சொல்லும் அறிவுரை முழுதாக இருக்கிறது. வஜீர் பதவி இனிப்பானதல்ல, பித்தம்போல் கசப்பு என்பதுதான் தொடக்கம். தெரிந்தவனையும் தெரியாதவனையும் ஒன்றாகப் பார், மனுக் கொடுப்பவனைச் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவிடாமல் விரட்டாதே.

அதில் ஒரு பழைய வஜீரின் கதை வருகிறது. கேத்தி என்பது பெயர். பாரபட்சம் காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற பயத்தில், தன் உறவினர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்வாராம். உறவினர் பக்கம் நியாயம் இருந்தாலும் அப்படித்தான். மன்னர் இதைப் பாராட்டவில்லை. இது நீதியைத் தாண்டியது, இப்படிச் செய்யாதே என்கிறார். நல்ல பெயர் வாங்குவதற்காக வீட்டு மனிதனுக்கு அநியாயம் செய்வதும் அநியாயம்தான் என்று அன்றைக்கே கண்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ரெக்மிரேயின் தாத்தா வஜீர், சித்தப்பா முறையில் வரும் உசேரும் வஜீர். இந்த உபதேசத்தை அந்தக் குடும்பம் வீட்டிலேயே மனப்பாடம் செய்திருக்கும்.

கேள்வி: பெண் அதிகாரிகளே கிடையாதா? (ஒரு வாசகி)

வெனியின் காலத்திலேயே, அதே அபிடோஸில் ஒருவர் உண்டு. நெபெத். வஜீர் பட்டம் கொண்டிருந்தார். பெப்பி மன்னர் மணந்துகொண்ட அக்கா தங்கை இருவர் நெபெத்தின் மகள்கள். மகன் ஜாவு பின்னால் வஜீர். பட்டத்தோடு அதிகாரமும் அவர் கையில் இருந்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆண் வஜீர்கள் விஷயத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கேள்வி: வெனி மாதிரி சுயபுராணம் பாடாத ஓர் அதிகாரியைச் சொல்லுங்கள். (பள்ளி ஆசிரியர் ஒருவர்)

சுயபுராணம் பாடாதவர் என்றால் நமக்குப் பெயரே தெரிந்திருக்காது ஐயா. கொஞ்சம் வேறு மாதிரிப் பாடியவரைச் சொல்கிறேன்: ஹர்கூஃப். அஸ்வானுக்கு எதிரே நைலின் மேற்குக்கரைக் குன்றில் அவர் கல்லறை. மெரென்ரே காலத்தில் யாம் நாட்டுக்கு மூன்று பயணம் போனவர். மூன்றாவதில் சாம்பிராணி, கருங்காலி, யானைத் தந்தம், சிறுத்தைத் தோல் எல்லாம் முந்நூறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்தார். நான்காவது பயணம் முடிந்து திரும்பியபோது அரியணையில் இருந்தவன் சிறுவன், இரண்டாம் பெப்பி. ஹர்கூஃப் ஒரு நடனமாடும் குள்ள மனிதரை அழைத்து வருகிறார் என்று தெரிந்ததும் அந்தப் பையன் கடிதம் எழுதுகிறான்: உடனே கிளம்பி வடக்கே அரண்மனைக்கு வா. படகில் ஏறும்போது அவர் தண்ணீரில் விழுந்துவிடாமல் இரண்டு பக்கமும் நல்ல ஆட்களை நிறுத்து. இரவில் அவர் கூடாரத்தில் ஆள் படுக்கவை, பத்துத் தடவை போய்ப் பார். சினாய், புந்த் நாட்டுப் பொருள்களைவிட அவரைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

வந்தவருக்கு அந்தப் பயணத்தில் விருப்பம் இருந்ததா என்று கடிதத்தில் ஒரு சொல்லும் கிடையாது. ஹர்கூஃபோ அதை எழுத்துக்கு எழுத்து, தேதியோடு, கல்லறையின் முகப்பில் செதுக்கிவைத்தார். வெனிக்குக் கிடைத்த சவப்பெட்டியா, ஹர்கூஃபுக்குக் கிடைத்த கடிதமா என்று என்னைக் கேட்டால், நான் கடிதத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.